தலை குனிந்த நேரத்தில் ஏறிய வெளிச்சம்

துறைமுகக் கோபுரத்துப் புத்தகத்தில் ஒரு வரி குறைகிறது. முப்பத்தொரு வருடமாகக் குறைகிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் என் தம்பி கண்ணை மூடினான். எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. அவனையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன். அவசரப்படுகிறவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

அவன் பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அவன் வளர்ந்தது என் இடுப்பில்தான். என் இடது இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது அவன் உட்கார்ந்த இடம். நடக்கத் தொடங்குமுன்பே அவன் பார்க்கத் தொடங்கிவிட்டான். அப்பா தெருக்கோடியில் திரும்பும்போதே, அவர் தோள் இருக்கிற இருப்பைப் பார்த்து, இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று என் காதில் சொல்லிவிடுவான். ஒருநாளும் அவன் சொன்னது தப்பவில்லை. அவன் கண் புண்ணியத்தில் நான் தப்பிய அடிகள் ஏராளம்.

அந்தக் கண்தான் பிறகு அவனுக்குச் சோறு போட்டது. பத்தொன்பது வயதில் துறைமுகக் கோபுரத்தில் காவல் பார்க்கிற வேலை கிடைத்தது. நூற்று நாற்பத்திரண்டு படி. மேலே எட்டு மூலையுள்ள ஓர் அறை, சுற்றிலும் கண்ணாடி. ஒரு மேசை; அதன் மேல் திசையெல்லாம் கோடு போட்ட பித்தளை வளையம்; சுவரில் தொங்கும் தொலைநோக்கி; எடுத்த உடனே அலுவலகத்தில் மணி அடிக்கிற கறுப்பு டெலிபோன்; படகோடு பேச ஒரு ரேடியோப் பெட்டி; பதிவுப் புத்தகம். ஒரு முறைக்கு ஒரே ஆள். கடலில் ஏதாவது படகு ஆபத்தில் மாட்டிக்கொண்டால் வானத்தைப் பார்த்துச் சிவப்பு வெடி விடுவார்கள். அதைக் கண்டதும் டெலிபோனை எடுக்க வேண்டும். மீட்புப் படகு புறப்படும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

துறைமுகத்தில் அவனுக்குப் 'பருந்து' என்று பேர் விழுந்தது. வேறெந்தக் காவல்காரனும் மேகம் என்று விட்டுவிடுவதை, அவன் புகை என்று சொல்லிப் படகை அனுப்பி ஆட்களைக் கரை சேர்த்திருக்கிறான். ஒருமுறை இரண்டுமுறை இல்லை. அந்தப் பெருமையில் வீட்டுக்கு வந்தாலும் கோபுரத்தை விட்டு இறங்கமாட்டான்.

"ஏறுறது மனுஷன் விட்டது, இறங்குறது வானம் விட்டது. அவ்ளோதான்க்கா விஷயம்" என்பான், சாப்பிடும்போது விரலை உயர்த்தி. நட்சத்திரம் விழுவது மேலிருந்து வரும்; வெடி கீழேயிருந்து போகும். தொடங்குகிற இடத்தைப் பார்த்தால் போதும், குழப்பமே வராது என்பான்.

என் வீட்டுக்காரர் விடமாட்டார். "மாப்ளே, உங்க அக்கா கை கூடத்தான் ஏறி இறங்குது. அது யாரு விட்டது?"

"அது புயல் மாமா. அதுக்குத் தனிக் கொடி இருக்கு."

மீட்புப் படகில் எஞ்சின் பார்ப்பவர் அவர். தம்பி டெலிபோனை எடுத்தால் இவர் எஞ்சினை எடுப்பார். ஒருத்தன் கண், ஒருத்தர் கை, நடுவில் நான். எனக்குத் துறைமுகக் கிடங்கில் கித்தான் தைக்கிற வேலை. சரக்கை மூடுகிற பெரிய பெரிய கித்தான்கள். உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியால் குத்தி இழுக்க வேண்டும். மீட்புப் படகில் வெடி வைக்கிற பை கிழிந்துபோய் இரண்டு தடவை வெடி நமத்துவிட்டது என்று அவர் புலம்பினார். மிச்சக் கித்தானில் ஒரு பை தைத்து, தையல் ஓட்டை தெரியாமல் மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். "இதுல தண்ணி போனா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். அந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் வந்தது மழை விட்ட மூன்றாம் நாள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நிலவு இல்லை.

கோபுரத்தில் நடந்ததை விசாரணையில் அவன் வாயால் சொல்லக் கேட்டேன், அப்படியே சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு அவன் முறை தொடங்கியது. இருட்டிக் கொஞ்ச நேரத்தில், கடலும் வானமும் சேருகிற கோட்டிலிருந்து செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் கிளம்பியது. கீழேயிருந்து மேலே. நிதானமாக, நீளமாக ஏறி, பாதி வானத்தில் அணைந்தது. ஏறுகிறது என்றால் மனிதன் விட்டது. இவன் டெலிபோனை எடுத்தான். மீட்புப் படகு புறப்பட்டது. சுக்கான் பிடிக்கிறவர், கயிற்றுக்காரர், என் வீட்டுக்காரர், மூன்று பேர்.

அது வெடி இல்லை. எரிநட்சத்திரம்தான். சாயங்காலத்தில் அபூர்வமாகச் சிலது அப்படிக் கோட்டை ஒட்டிக் கிளம்பி மேல்நோக்கிப் போகுமாம். விசாரணைக்கு வந்த ஒரு படித்தவர் சொன்னார். கோபுரத்தில் இருபது முப்பது வருடம் வேலை பார்த்த எவனும் அதைப் பார்த்ததில்லை. என் தம்பிக்கு மட்டும் பார்க்கக் கிடைத்தது. பாக்கியம்.

படகு போய்த் தேடிக்கொண்டிருக்கும்போதே வானம் உதிரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, அப்புறம் சேர்ந்தாற்போல. அலுவலகத்திலிருந்து அவனுடைய மேலதிகாரி டெலிபோனில் கத்தினார்; இது மட்டும் அங்கே கூட இருந்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னது.

"என்னய்யா பருந்து, ஜன்னல் வழியா எனக்கே தெரியுது! நட்சத்திரத்தைக் காப்பாத்தவா படகை அனுப்பின? சிரிக்கிறாங்கய்யா. இனிமே ஒண்ணு பண்ணு. என்ன தெரிஞ்சாலும் முதல்ல எழுது. மணி, திசை, நிறம், ஏறிச்சா இறங்கிச்சா. எழுதி முடிச்சிட்டு அப்புறம் ஃபோனைத் தொடு."

அதுவரைக்கும் முதலில் டெலிபோன், பிறகுதான் புத்தகம். அன்றைக்கு அது மாறியது. எழுத வேண்டுமென்றால் மேசை விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டால் கண்ணாடியில் கடல் போய்விடும். அவன் முகம்தான் தெரியும். அணைத்த பிறகும் கண் பழக நேரமாகும். இது கோபுரத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மேலதிகாரிக்கும் தெரியும். ஒரு காலத்தில் அவரும் ஏறி இறங்கினவர்தான்.

ரேடியோவில் என் வீட்டுக்காரர் பேசினார். "மாப்ளே, உன் நட்சத்திரத்தைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். வலை கொண்டுவர மறந்துட்டோம்."

"மாமா, மன்னிச்சிடுங்க. திரும்பி வந்துடுங்க."

"இனிமே இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே, உங்க அக்காவை அனுப்பு. அவ ஒரு அதட்டு போட்டான்னா விழுந்ததெல்லாம் திரும்ப மேலேயே போயிடும்."

அவர் பேசினதில் கடைசி அதுதான். அந்த ரேடியோ பாதிநாள் இருமும், பாதிநாள் ஊமை. ஊமையானதும் யாரும் பதறவில்லை.

திரும்பும்போது இருட்டில், கடலுக்குள் இடிந்து கிடந்த பழைய பாலத்தின் கல்லில் படகு மோதியது. அலைதடுப்புச் சுவரின் முனையிலிருந்து கூப்பிடு தூரம். கயிற்றுக்காரர் மட்டும் ஒரு டயரைக் கட்டிப்பிடித்து விடியும்வரை கிடந்து பிழைத்தார். அவர் சொன்னார்: "தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. எஞ்சின்காரர் பையைப் பிரிச்சு ஒரு வெடியை எடுத்தார், விட்டார். சத்தம் கேட்டுச்சு. அதே அலையில நான் வெளிய விழுந்துட்டேன். மேல போச்சா, பக்கத்துலயே புஸ்ஸுனு போச்சா, பாக்கல."

அந்தச் சமயம் கோபுரத்தில் என் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான்? அறையையே வெளுக்க வைத்த ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் விழுந்திருந்தது. சொன்னபடி விளக்கைப் போட்டு, தலையைக் குனிந்து அதை எழுதிக்கொண்டிருந்தான். விளக்கை அணைத்து நிமிர்ந்தபோது, சுவர் முனைக்கு அப்பால் ஒரு சிவப்பு வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குவது வானம் விட்டது. அதற்கு முன்பும் சிவப்பாக ஒன்றிரண்டு விழுந்திருந்தன. மறுபடி விளக்கைப் போட்டு எழுதினான்: 'சிவப்பு. இறங்கியது.'

ஒன்பது மணிக்குப் படகு வரவில்லை என்று தெரிந்தது. அடுத்த ஆள் வந்ததும் நூற்று நாற்பத்திரண்டு படியும் ஓடி இறங்கி, அங்கிருந்து நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, மாமா வீட்டுக்கு வந்துட்டாரா?"

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே கேட்டேன்: "கடலைப் பாக்குறவன் நீ. என்னைக் கேக்குற?"

அவன் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா? மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கரை ஒதுங்கினார். சுக்கான்காரர் அதுகூட இல்லை.

என் நாத்தனார் வந்து அழுத அழுகையில் பாதி அண்ணனுக்கு, பாதி என் தம்பிக்கு. "பருந்தாம் பருந்து! மூஞ்சியில இருக்கிறது கண்ணா, புண்ணா? என் அண்ணன் விட்ட வெடியைப் பார்த்துக் கணக்கெழுதிக்கிட்டு உக்காந்திருந்தானே படுபாவி!" அவன் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை, தாங்கவும் இல்லை.

விசாரணைக்கு முதல்நாள் மேலதிகாரி அவனைத் தேடி என் வீட்டு வாசலுக்கே வந்தார். "அந்தச் சிவப்பை மேலேர்ந்து கடைசிவரைக்கும் பார்த்தேன்னு சொல்லிடு. இறங்குறதை முழுசா பார்த்தவன் மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவன் கேட்கவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அதை மட்டும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். விசாரணை அறையில் எழுந்து நின்று, "நான் பாதிதாங்க பார்த்தேன். தலையைக் குனிஞ்சிருந்தேன். அது எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கல" என்று சொன்னான். மேலதிகாரி சொல்லித்தான் முதலில் எழுதினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் முதலில் எழுதினாய் என்று கேட்டதற்கு, "எழுதினது என் கை" என்றான்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். காகிதங்களை அடுக்கிக்கொண்டே கடைசியாகக் கேட்டார்: "அந்தச் சிவப்பு வெளிச்சம் ஏறும்போது வேற யாராவது பார்த்தீங்களா? ஊரே அன்னைக்கு வானத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தது?"

நாற்பது பேர் இருந்தோம். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. என் தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்துக்கும் வந்தான். நான் என் உள்ளங்கையில் ஊசி காய்த்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஏறியதைப் பார்த்தவர் எவருமில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். கோபுரத்துப் புத்தகத்திலும் அந்த நாளுக்குக் கீழே அதையே ஏற்றினார்கள்.

அது பொய். நான் பார்த்தேன்.

அன்று வேலை முடிந்து வந்ததும் கொடியில் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மகளுக்கு நாலு வயது, கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஏற்கெனவே மாடியில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். கீழ்த்தளத்து ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்து, "பதினாலு... பதினஞ்சு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வானத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. பச்சையாக ஒன்று வந்து மூன்றாகப் பிளந்து போனது. வெள்ளையாக ஒன்று வந்தபோது கொடியில் கிடந்த சட்டைகளின் நிழல் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது; யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. என் கையில் இருந்தது என் வீட்டுக்காரரின் சட்டை. அதன் நிழலும் ஓடியது.

அந்த வெள்ளை அணைந்து மூச்சு வாங்குகிற நேரத்தில்தான், அலைதடுப்புச் சுவர் முனைக்கு வலப்பக்கத்தில், தண்ணீரோடு தண்ணீராக ஒரு சிவப்புப் பொறி கிளம்பியது. ஏறியது. கையை நீட்டிப் பிடித்தால் நாலு விரல் உயரம். ஒரு கணம் நின்றது. வளைந்து இறங்கியது.

"இதைப் பாரேன், இது கீழேர்ந்து போகுது" என்றேன்.

"எங்கே, எங்கே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதற்குள் அது போய்விட்டது. அடுத்த நொடி தலைக்கு நேர்மேலே இன்னொரு பெரியது சீறிக்கொண்டு போக, மாடி மாடியாக ஊரே கூச்சல் போட்டது. நானும் கை தட்டினேன்.

'ஏறுறது மனுஷன் விட்டது.' ஆயிரம் தடவை என் வீட்டில் கேட்ட பேச்சு. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒரு மின்னல் வெட்டுகிற நேரம் எனக்குத் தோன்றியது. ஏறுதே என்று தோன்றியது. உடனே, கோபுரத்தில் தம்பி இருக்கிறான், அவன் பார்க்காததையா நான் பார்த்துவிடப் போகிறேன் என்றும் தோன்றியது. ரொட்டிக் கடையில் டெலிபோன் இருந்தது. இரண்டு மாடி இறங்கினால் போதும். என் வீட்டுக்காரர் கடலில் இருக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. துணியை மடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன்.

அதைத்தான் சொல்லாமல் இருந்தேன். முதலில் பயம். பிறகு வெட்கம். அப்புறம் காலம் ஆக ஆக, சொல்லாமல் இருந்ததே சொல்லவிடாமல் செய்தது.

தம்பியைக் கோபுரத்திலிருந்து இறக்கி, நான் வேலை பார்த்த கிடங்கின் வாசலில் போட்டார்கள். உள்ளே வருகிற, வெளியே போகிற மூட்டைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பருந்து என்று கூப்பிட்டவர்கள் 'கோழி' என்று கூப்பிட்டார்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாதல்லவா. சுமை தூக்குகிறவர்கள் அவனைத் தாண்டும்போது கொக்கரிப்பார்கள். அவனும் சில நாள் சேர்ந்து சிரிப்பான். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு அவன் எதற்கும் தலையைக் குனியவில்லை. சாப்பிடும்போதுகூட ஒவ்வொரு கவளத்துக்கும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பான். ஜன்னல் இல்லாத அறையில் உட்காரமாட்டான். கிடங்குச் சீட்டில் எழுதும்போது தாளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே எழுதக் கற்றுக்கொண்டான். எனக்கு எல்லா எழுத்தும் எறும்புதான். அவன் எழுத்து வழி தவறின எறும்பு என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கல்யாணம் பேசினார்கள். பெண்ணிடம், "எனக்குக் கண்ணுல கோளாறு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை.

தினமும் காலையில் வந்து என் மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவான். குழாய் ஒழுகினால் மாற்றுவான். கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தால் எண்ணெய் விடுவான். நான் அவனிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. "சரி." "வெச்சிட்டுப் போ." அவன் முகத்தைப் பார்த்தால் எங்கே வாய் திறந்துவிடுமோ என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். ஊர் சொன்னது: "புருஷனைப் பறிகொடுத்தவ. எப்படி முகம் குடுப்பா?" அவனும் அப்படித்தான் நினைத்தான். நினைக்கட்டும் என்று விட்டேன். என் பாவத்துக்கு அது நல்ல போர்வையாக இருந்தது.

மகள் ஒருநாள் கேட்டாள்: "மாமா மேல உனக்கு என்னம்மா கோபம்? இவ்ளோ வருஷமா?"

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

"கல்லு கூடக் கரையும்" என்றாள்.

கல் எங்கே கரைகிறது? பாசி பிடிக்கிறது, அவ்வளவுதான்.

போன வருடம் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சுவரோரக் கட்டில் கொடுத்தார்கள். சண்டை போட்டு ஜன்னலோரம் மாற்றிக்கொண்டானாம். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் போனபோது தலையணையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நிறுத்துகிற இடம்தான் தெரிந்தது.

"வாக்கா. வழி தெரிஞ்சு வந்துட்டியா?"

"வாயைக் குறைச்சுக்கோ. மூச்சு வாங்குது உனக்கு."

"முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க. சாகப்போறது உறுதிதான் போல."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலானது. இருமி அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். மாடி, துணி, ரொட்டிக் கடைக்காரர், சிவப்பு எல்லாம். கை தட்டினதையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அழுவான், அல்லது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவன் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவன் குரலில் கேட்டான்:

"எந்தப் பக்கம்?"

"சுவர் முனைக்கு வலப்பக்கம்."

"எவ்ளோ உயரம்?"

"கையை நீட்டினா நாலு விரல்."

"நின்னுச்சா?"

"ஒரு கணம் நின்னுச்சு. அப்புறம் வளைஞ்சு இறங்கிச்சு."

"வெள்ளைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. உடனே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே ஒரு வண்டி வந்தது, நின்றது, போனது.

"அப்ப நல்லாத்தான் ஏறியிருக்கு" என்றான். "வெடி நனையல. உன் பை நல்ல பைதான்க்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கயித்துக்காரரு சொன்னாரே, மேல போச்சான்னு பாக்கலன்னு. நான் அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் கிடந்தேன். வெடி நமத்துப் போயிருக்கும், ஏறியே இருக்காது, ஆள் உயரம்கூடப் போயிருக்காது, நான் நிமிர்ந்து உக்காந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு. தினம் ராத்திரி அதைச் சொல்லிக்கிட்டுத்தான் படுப்பேன்." கையை எடுத்துத் தன் கண்ணின் மேல் வைத்துக்கொண்டான். "நாலு விரல் உயரம். குருடனுக்கும் தெரியுமே."

பாரத்தை இறக்கி வைக்கத்தான் போயிருந்தேன். இறக்கினேன். அவன் நெஞ்சில் இறக்கினேன். ஏற்கெனவே நீர் கோத்த நெஞ்சு.

"தம்பி, என்னை ஏதாவது சொல்லு."

"என்ன சொல்ல? நீ நான் பார்த்திருப்பேன்னு நெனச்ச. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. அதுக்குத்தானே ஒருத்தனை மேல உக்கார வெச்சது."

"மன்னிச்சேன்னு சொல்லு."

அவன் அதைச் சொல்லவில்லை. இன்றைக்கு இருந்தாலும் சொல்வானா என்று தெரியாது. கண்ணிலிருந்து கையை எடுக்காமலே, "புத்தகத்துல தப்பா இருக்கு. எவருமில்லைன்னு போட்டிருக்கு. அதை மாத்தணும். யாரையாவது விட்டு எழுதச் சொல்லுக்கா. எழுதினா முழுசா எழுதச் சொல்லு, பாதி எழுதாதே" என்றான்.

நாலு நாள் கழித்து விடிகாலையில் போய்விட்டான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். அது அவனுக்கு வழக்கம்தான். அதில் அர்த்தம் தேட நான் விரும்பவில்லை.

துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். பழைய புத்தகங்களைக் கீழறையில் கட்டி வைத்திருக்கிறார்களாம்; முடிந்த கணக்கில் யாரும் கை வைக்க முடியாது என்று சொன்னார்கள். இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை காவலாளி வாசலிலேயே, "பாட்டி, மறுபடியுமா?" என்றான். மறுபடியும்தான். நாளைக்கும் போவேன். அவர்கள் அந்தப் புத்தகத்தை எடுக்கிறவரைக்கும் அந்த வரி இங்கே இருக்கட்டும்:

மணி ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். அலைதடுப்புச் சுவர் முனைக்கு வலப்பக்கம். நிறம் சிவப்பு. ஏறியது. நாலு விரல் உயரம் ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. பார்த்தவள் காவல்காரனின் அக்கா, எஞ்சின்காரரின் மனைவி. பார்க்கும்போது அவள் கையில் அவருடைய சட்டை இருந்தது. பார்த்துவிட்டு, அடுத்து வந்த நட்சத்திரத்துக்குக் கை தட்டினாள்.